இறால் மணத்த பனிமனிதன்

நான் முன்பள்ளிக்குப் போனது நாற்பது வயதை நெருங்கும்போதுதான். போக வேண்டிய வயதில் எங்கள் ஊர் முன்பள்ளியில் அகதிகள் இருந்தார்கள். அவர்கள் போன பிறகு அதில் கூரை இருக்கவில்லை. கூரை வந்தபோது எனக்கு மீசை வந்திருந்தது. பெரிய பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புவரை இருந்தேன். அதற்குமேல் நானும் படிப்பும் ஒருவரை ஒருவர் தொந்தரவு செய்வதில்லை என்ற முடிவுக்கு வந்தோம். இரண்டு தரப்பும் இன்றுவரை அதை மீறவில்லை.

பிறகு பல இடம், பல வேலை. தம்புள்ளையில் மரக்கறி மூட்டை தூக்கினேன். ஏறாவூரில் மீன் வியாபாரி ஒருவருக்கு ஐஸ் உடைத்தேன். கட்டாரில் வெயிலில் நின்று கம்பி கட்டினேன். ஒருமுறை ஏஜென்சிக்காரன் ஒருவன் என்னை ஐரோப்பாவுக்கு அனுப்புவதாகச் சொல்லி, அதன் வாசலில் இருந்த ஒரு காட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். அந்தக் காடு முழுக்கப் பனி. இடது காலில் இரண்டு விரல்களை அங்கே கொடுத்துவிட்டு, அந்த நாட்டுப் பொலிஸின் செலவில் விமானத்தில் திரும்பி வந்தேன். அரசாங்கச் செலவில் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்குகிற வாய்ப்பு மந்திரிமாருக்கும் எனக்கும்தான் கிடைத்திருக்கிறது.

வந்து அக்கா வீட்டில் தங்கினேன். இரண்டு கிழமை என்றுதான் சொல்லியிருந்தேன். வாவிக்கு மேற்கே, வவுணதீவையும் தாண்டி, வயல்களுக்கு நடுவே கிடக்கிற சின்ன ஊர். அத்தான் வயல்காரர். அவர்களுக்கு நாலு வயதில் ஒரு மகள்.

“சும்மாதானே இரிக்காய். இவள முன்பள்ளியில விட்டுட்டு, மறுகா போய்க் கூட்டிட்டு வா,” என்றாள் அக்கா.

“நான் எங்க சும்மா இரிக்கன்?”

“ஓம், நீ எப்பவும் ஓடிக்கிட்டுத்தான் இரிக்காய். ஓடுற வழியில இவளையும் கொண்டுபோய் விடு.”

அப்படித்தான் என் முன்பள்ளிக் கல்வி தொடங்கியது.

பள்ளி என்பது ஒரேயொரு மண்டபம். இடுப்பளவுக்குச் சுவர், அதற்குமேல் கம்பி வலை, மேலே சீற் கூரை, முன்னும் பின்னுமாக இரண்டு வாசல். கட்டிய காலத்தில் அது வீதியைவிட உயரமாக இருந்ததாம். பிறகு ஊருக்கு அபிவிருத்தி வந்தது. தேர்தலுக்குத் தேர்தல் வீதிக்குக் கிரவல் கொட்டி உயர்த்தினார்கள். வீதி உயர்ந்துகொண்டே போக, பள்ளிக்கூடம் அசையாமல் நின்ற இடத்திலேயே தாழ்ந்துகொண்டு போனது. மாரியில் வீதித் தண்ணீர் எல்லாம் இரண்டு வாசலாலும் உள்ளே வந்துவிடும். வந்தால் தை பிறக்கும்வரை பள்ளிக்குப் பூட்டு.

பள்ளியை நடத்தியவர் ஒரே ஒரு ரீச்சர். முப்பது வயதிருக்கும். ஒரு சைக்கிள், ஒரு குடை, ஒரு பெரிய குரல். குரலை மட்டும்தான் மழையால் எதுவும் செய்ய முடியவில்லை. மாரிக்கு மாரி பூட்டுகிற பள்ளியை எதற்கு வைத்திருக்க வேண்டும், பெருந்தெருவில் இருக்கிற முன்பள்ளியோடு சேர்த்துவிடலாம் என்று கோட்டத்து முன்பள்ளி உத்தியோகத்தர் அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். கடதாசியில் பார்த்தால் நல்ல யோசனை. ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு தாம்போதி இருந்தது. மழை விழுந்தால் குளத்து மிகைநீர் வீதிக்கு மேலாலேயே பாய்ந்துபோவதற்குக் கட்டிய இடம் அது. பெரிய ஆட்களே கயிறு பிடித்துக்கொண்டு கடக்கிற இடத்தில் நாலு வயதுக்காரர் எப்படிக் கடப்பார்கள்? கடக்கமாட்டார்கள். வீட்டில் இருப்பார்கள், பிறகு ஒன்றும் தெரியாமல் முதலாம் வகுப்புக்குப் போவார்கள், பிறகு என்னைப் போல ஏழாம் வகுப்பில் ஒரு முடிவுக்கு வருவார்கள். ரீச்சரும் வேலை இல்லாமல் வீட்டில் இருப்பார்.

மண்டபத்துக்குள் நிலத்தை ஒரு முழம் உயர்த்தினால் எல்லாம் சரி. அதற்கு ரீச்சர் எழுதாத இடமில்லை. கடைசியில் ஒத்துக்கொண்டது வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஊர்க்காரர்களின் சங்கம். நிலத்தை உயர்த்தித் தருவார்கள். ஆனால் ஒரு நிபந்தனை. சும்மா சீமெந்து வாங்கிக் கொடுத்தால் அங்கத்தவர்களுக்கு உற்சாகம் வராதாம். பிள்ளைகளின் அறிவு வளர்கிறதைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம். அதனால் ஒரு கற்றல் திட்டம் அனுப்பினார்கள். கூடவே, சுவரில் தொங்கவிட ஒரு பெரிய வர்ணப்படம். அதன் தலைப்பு, நான்கு பருவகாலங்கள். வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம். ஒவ்வொரு காலத்திலும் பிள்ளைகள் அந்தந்தச் செயற்பாட்டைச் செய்ய வேண்டும், அதை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். நாலும் வந்து சேர்ந்தால் நிலம் உயரும்.

எங்கள் பக்கத்தில் இருப்பது இரண்டு காலம். தண்ணீர் வருகிற காலம், தண்ணீரைத் தேடுகிற காலம். ரீச்சருக்கும் இது தெரியும். ஆனால் நிலம் உயர வேண்டுமென்றால் நாலு என்ன, நாற்பது காலமும் நடத்தத் தயாராக இருந்தார்.

வசந்தம் பங்குனியில் வந்தது. எங்கள் ஊரில் அப்போது மாரி வேளாண்மை அறுவடை முடிகிற நேரம். படத்தில் முயலும் பூவும் வர்ணம் தீட்டிய முட்டையும் இருந்தன. ரீச்சர் பிள்ளைகளுக்கு மட்டையில் முயல் காது வெட்டி ஒட்டி, கோயில் வேலியோரம் செவ்வரத்தைப் பூக்களுக்கு முன்னால் நிறுத்தினார். பின்னால் இருந்த வயல்வட்டையில் கடைசி நெல்லை மெசின் வெட்டிக்கொண்டிருந்தது. தூசு பறந்து முயல்கள் எல்லாம் தும்மின.

வீடியோவைப் பார்த்துவிட்டுச் சங்கத் தலைவர் ரீச்சருக்குப் போன் எடுத்தார். ஊரைவிட்டுப் போய் முப்பது வருசமாகியும் ஊர்ப்பேச்சு மாறாத மனிதர். மற்ற எல்லாம் மாறியிருந்தது.

“தங்கச்சி, பின்னால என்ன சத்தம்?”

“வெள்ளாமை வெட்டுறாங்க ஐயா.”

“வசந்தத்தில வெள்ளாமை வெட்டுறல்லயே. அது இலையுதிர் காலத்திலதான் வரும். படத்தைப் பாருங்க.”

“ஓம் ஐயா. அடுத்த முறை வெள்ளாமைக்குச் சொல்லுறன்.”

கோடை ஆடியில் வந்தது. அது ஒன்றுதான் எங்களுக்கும் படத்துக்கும் பெயரளவிலாவது பொருந்தியது. படத்தில் கறுப்புக்கண்ணாடி போட்ட பிள்ளைகள் கடற்கரையில் ஐஸ்கிரீம் தின்றார்கள். எங்கள் கிணறுகள் அடியில் சேறு காட்டின. பிள்ளைகள் மட்டையில் செய்த கறுப்புக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பிரதேச சபையின் தண்ணீர் பவுசர் வண்டிக்குப் பின்னால் பிளாஸ்டிக் கானோடு வரிசையில் நின்றார்கள். கச்சான் காற்று கண்ணாடிகளைப் பிடுங்கிக்கொண்டு போனது. தலைவருக்கு அந்த வீடியோ நன்றாகப் பிடித்தது. “என்ன சந்தோசமா வரிசையில நிக்குதுகள்!” என்றார்.

இலையுதிர் காலத்துக்கு ரீச்சர் கோயில் வளவில் நின்ற வாதுமை மரத்தைப் பிடித்தார். ஊரில் சிவந்து உதிர்கிற இலை அது ஒன்றுதான். பிள்ளைகள் அள்ளி எறிந்து விளையாட வேண்டும் என்பது திட்டம். ஆனால் அவர்கள் வாதுமை இலையைக் கண்டதும் குனிந்து கூட்ட ஆரம்பித்துவிட்டார்கள். வீட்டில் பார்த்தது அதுதான். குவித்து முடித்ததும் ஒருத்தி நெருப்புப்பெட்டி கேட்டாள்.

அக்கா வீட்டைவிட்டு நான் இன்னும் போகவில்லை. ஏன் என்று அக்கா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஊரில் எனக்கு ஒரு பதவி வந்துகொண்டிருந்தது எனக்கே தெரியாது.

ஐப்பசியில் ஒரு நாள் ரீச்சர் என்னை வாசலில் மறித்தார்.

“அண்ணன், நீங்க பனி கண்ட ஆளாமே?”

“கண்டிரிக்கன்.”

“எப்புடி இரிக்கும்?”

“முதல்ல வெள்ளையா இரிக்கும். மறுகா கால் இரிக்கிறது தெரியாது. மறுகா கால் கறுப்பா இரிக்கும்.”

ரீச்சர் என் செருப்பைப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். அதில் பனிமனிதன் கரட் மூக்கோடு சிரித்துக்கொண்டிருந்தான். “காலைப் பத்தி நீங்க புள்ளைகளுக்குச் சொல்லவேணாம். வெள்ளையா இரிக்கும், அதோட நிப்பாட்டுங்க,” என்றார்.

வாவிக்கு மேற்கே பனி தெரிந்த ஒரே நிபுணர் என்ற முறையில் மறுநாள் நான் பிள்ளைகளுக்கு முன்னால் சின்னக் கதிரை ஒன்றில் உட்கார்த்தப்பட்டேன். முழங்கால் காதுக்குப் பக்கத்தில் வந்தது.

“மாமா பனியில என்ன விளையாடின?” என்று அக்காவின் மகள் கேட்டாள்.

“ஒளிச்சுப் பிடிச்சு.”

“ஆரு ஒளிச்ச?”

“நாங்க.”

“ஆரு பிடிச்ச?”

“பொலிஸ்.”

பிள்ளைகள் கைதட்டினார்கள். ரீச்சர் அவசரமாகப் பாட்டுப் பாட வைத்தார்.

பனிமனிதனை முதலில் பஞ்சில்தான் செய்தோம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தலையணை வயிறு கிழிந்தது. மழைக்காலத்து ஈரத்தில் பஞ்சு சாம்பல் நிறமாகிக் கட்டிக்கட்டியாகத் தொங்கியது. படம் அனுப்பியதும் தலைவர் எடுத்தார்.

“தங்கச்சி, இது செம்மறியாடு மாதிரி இரிக்கு.”

“பஞ்சு நனைஞ்சிட்டு ஐயா.”

“பஞ்சு வேணாம். புள்ளைகள் குளிரைத் தொட்டுப் பாக்கணும். எங்கட புள்ளைகள் இஞ்ச நாலு வயசில அப்புடித்தான் படிக்குதுகள். இந்த முறை வீடியோ வேணாம், நேரடியாக் காட்டுங்க. நாங்க எல்லாரும் ஒண்டா இருந்து பாப்பம். நல்லா வந்தா கூட்டத்திலயே நிலத்து அலுவலை முடிவெடுக்கலாம்.”

குளிரைத் தொட்டுப் பார்க்க எங்கள் ஊரில் என்ன இருக்கிறது? ரீச்சர் என்னைப் பார்த்தார். நிபுணரான நான் யோசித்தேன். எனக்கு ஐரோப்பாவுக்கு முன்னால் தெரிந்த குளிர் ஏறாவூரில்தான் இருந்தது.

பழைய முதலாளியிடம் போனேன். வாவியிலிருந்து வருகிற இறாலையும் மீனையும் ஐஸ் போட்டுக் கொழும்புக்கு அனுப்புகிற முஸ்லிம் பெரியவர் அவர். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் காக்கா என்போம்.

“என்ன தம்பி, எந்த மீனுக்கு ஐஸ்?”

“மீனுக்கில்ல காக்கா. பொம்மை செய்ய.”

அவர் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணாடியைக் கழற்றினார். “அல்லாஹ்வே! ஐரோப்பாவுக்குப் போய்வந்தா ஆக்கள் இப்புடியா ஆகிற?”

“போகல்ல காக்கா. வாசலோட திரும்பின.”

“அதான் பாதியில நிக்கிறாய். முழுசாப் போயிருந்தா சரியாகி இரிக்கும்.” முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு என்றதும் காசு வாங்க மறுத்துவிட்டார். ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப்பெட்டி இரண்டு நிறையத் தூளாக்கிய ஐஸ் தந்தார். “பெட்டி கழுவினதுதான்,” என்றார். மீன் வியாபாரத்தில் கழுவுவது என்பது நிலைமைக்கு நிலைமை வேறுபடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் மூடியைத் திறந்து மணந்து பார்க்கவில்லை. இலவசமாகக் கிடைக்கிற ஐஸை யாரும் மணந்து பார்ப்பதில்லை.

கார்த்திகைக் கடைசி. விடியலிலிருந்து மழை. மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு நான் வந்து சேர்ந்தபோது வீதியோரத் தண்ணீர் பள்ளி வாசல்படியின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. ரீச்சர் அதை ஒரு தரம் பார்த்தார். “கெதியாச் செய்வம்,” என்றார்.

மேசைமேல் ஐஸைக் குவித்துப் பனிமனிதனைப் பிடித்தோம். என் கைகள் விறைத்தன. அந்த விறைப்பை எனக்குத் தெரியும், அதனால் கொஞ்சம் விலகி நின்றுகொண்டேன். ரீச்சர் கரட் மூக்கும் கரிக்கட்டிக் கண்ணும் வைத்தார். கழுத்துக்கு அத்தானின் பழைய சால்வை. உண்மையில் நன்றாகத்தான் வந்திருந்தது. முதலில் வந்து பாராட்டியது ஒரு பூனை. பிறகு கம்பி வலையின் வெளியே காகங்கள் வந்து வரிசையாக உட்கார்ந்தன. அப்போதுதான் எனக்கும் மணம் எட்டியது.

போனில் தலைவர் தோன்றினார். அவருக்குப் பின்னால் சோபாவில் நிறையப் பேர். எல்லாரும் கம்பளி உடுப்போடு. சன்னலுக்கு வெளியே அசல் பனி விழுந்துகொண்டிருந்தது.

“ஆ! அருமை தங்கச்சி! புள்ளைகளைக் கிட்ட வரச் சொல்லுங்க. தொடட்டும்.”

பிள்ளைகள் கிட்ட வந்தார்கள். தொட்டார்கள். அக்காவின் மகள் விரலை மூக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“மாமா, இதுக்குள்ள மீன் எங்க?”

எங்கள் ஊரில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் வருகிற சந்தேகம்தான். ஐஸ் என்பது பெட்டிக்குள் வரும். பெட்டியில் ஐஸை விலக்கினால் அடியில் மீன் இருக்கும். மீன் இல்லாமல் ஐஸை அவர்கள் வாழ்க்கையில் கண்டதில்லை. கேள்வி கேட்டவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பனிமனிதனின் வயிற்றில் கையை விட்டாள். மற்றவர்களும் விட்டார்கள். இரண்டு கையாலும் தோண்டினார்கள்.

“புள்ளைகள், தோண்டப்படாது! மெல்லமாத் தொடுங்க!” என்று ரீச்சர் கத்தினார். யாருக்குக் கேட்கிறது?

“இறால்! இறால்!”

ஒருவன் கையில் உண்மையிலேயே ஒரு இறால். கழுவிய பெட்டியிலிருந்து தப்பியது. அதோடு பனிமனிதனின் தலை போனது. கரட்டை ஒருத்தி தின்றுகொண்டிருந்தாள். பூனை மேசைக்கு ஏறியது. அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் முன்வாசலால் ஒரு நாக்கை நீட்டி, மண்டபத்தின் நடுவரைக்கும் வந்து, உடைந்து விழுந்த பனியை எடுத்துக்கொண்டு பின்வாசலை நோக்கிப் போனது. பிள்ளைகள் கணுக்காலளவு தண்ணீரில், கையில் ஐஸோடு, உடம்பு நடுங்க நடுங்கச் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

ரீச்சர் ஒன்று செய்தார். போனைத் திருப்பி வாசலைக் காட்டினார். நிலத்தைக் காட்டினார். மிதந்துபோன வர்ணக் கட்டைகளைக் காட்டினார். “ஐயா, இஞ்ச பாருங்க. தண்ணி வாறதைப் பாருங்க. இதுக்குத்தான் நிலத்தை உயர்த்தக் கேட்ட,” என்றார்.

“தண்ணி தெரியுது தங்கச்சி,” என்றார் தலைவர். “பனியைக் காட்டுங்க.”

அன்று பூட்டிய பள்ளி தையில்தான் திறந்தது. இடையில் ஒரு நாள் உத்தியோகத்தர் அம்மா மழைக்கோட்டோடு ஸ்கூட்டரில் வந்து, பூட்டைப் பார்த்துவிட்டு, ரீச்சரின் வீட்டுக்கு வந்தார். கெட்ட மனுசி இல்லை. “இந்த முறை நிலத்து வேலை நடக்கப்போகுது எண்டு எழுதுறன். அடுத்த மாரியிலயும் பூட்டினா எனக்கு எழுத ஒண்டுமில்ல. சேத்துப்போடுவாங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார். ரீச்சர் தேத்தண்ணி கொடுக்கக்கூட மறந்துவிட்டார்.

சங்கத்தின் முடிவு குரல் செய்தியாக வந்தது. தலைவர்தான் பேசினார். “தங்கச்சி, புள்ளைகள் குளிரில நடுங்கினதைப் பாத்து இஞ்ச எல்லாரும் அழுதிட்டாங்க. உடனே ஒரு முடிவு எடுத்தம். உங்களுக்கு ஒரு பெரிய சந்தோசம் வருது.”

சந்தோசம் கப்பலில் வந்தது. அதனால் வைகாசியாகிவிட்டது. பெரிய பெரிய பெட்டிகள். ரீச்சர் நிலத்துக்கு டைல்ஸ் அனுப்பிவிட்டார்களோ என்று நினைத்தார். நான் உடைத்தேன். உள்ளே குளிர் ஜக்கெட்டுகள். சிவப்பு, நீலம், மஞ்சள். தலைக்குத் தொப்பியோடு, கழுத்துவரைக்கும் சிப் போட்டவை. தண்ணீர் உள்ளே போகாத தடித்த துணி. பிள்ளைகளுக்கு மட்டுமில்லை, பெரியவர்களுக்கும் இருந்தது. ஒன்றின் பையில் ஒற்றைக் கையுறையும் யாரோ மென்று சுற்றிவைத்த சுவிங்கமும் கிடைத்தன. நிலம்? அனுப்புகிற செலவு கொஞ்சம் கூடிவிட்டதாம். நிலத்தை அடுத்த வருசம் பார்ப்பார்களாம்.

அந்தக் காட்டில் காலில் சுற்ற எனக்கு இதில் ஒன்று கிடைத்திருந்தால் இரண்டு விரல் மிஞ்சியிருக்கும். வைகாசி வெயிலில் நின்று அதைத் தடவிப் பார்த்தேன். நல்ல சாமான். இடத்தையும் காலத்தையும் தவிர வேறு ஒரு பிழையும் அதில் இல்லை.

அக்கா ஒரு பெரிய மஞ்சள் ஜக்கெட்டைப் போட்டுப் பார்த்தாள். “இதப் போட்டுட்டு வயலுக்குப் போனா யானையும் கிட்ட வராது,” என்றாள்.

ஜக்கெட்டோடு பிள்ளைகளின் படம் கேட்டிருந்தார்கள். நல்ல வெயில் நாளில் ரீச்சர் அவர்களுக்குப் போட்டு, வரிசையில் நிறுத்தினார். “சுடுது ரீச்சர், சுடுது ரீச்சர்,” என்று எல்லாரும் அழுதார்கள். அழுகிற படம் எடுபடாது என்பதால் கழற்றிவிட்டார். படம் பிறகு அனுப்புவதாகத் தலைவருக்குச் சொன்னார். ஜக்கெட்டுகளை எலிக்குப் பயந்து மூட்டையாகக் கட்டிப் பள்ளிக் கூரையின் வளைமரத்தில் தொங்கவிட்டோம். ஊரில் யாருக்கும் அதற்குக் கீழே இருக்க விருப்பமில்லை. பார்க்கவே வியர்த்தது.

நான் ஆவணியில் வெல்லாவெளிப் பக்கம் ஒரு வேலைக்குப் போனேன். பிடிக்கவில்லை, ஐப்பசியில் திரும்பி வந்தேன். இதை நான் அந்தப் பள்ளிக்காகத் திரும்பி வந்ததாக அக்கா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். நான் மறுக்கவில்லை. மறுத்தால் சாப்பாட்டில் தெரியும்.

அந்த மாரி முந்தியதைவிடப் பலமாக இறங்கியது. வாசலை மறித்தால் போதும், தண்ணீர் உள்ளே வர வேறு வழியில்லை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். சுவர் இடுப்பளவு இருக்கிறதே. மண் நிரப்பிய உரப்பைகளை அடுக்கினால் ஆயிற்று. ரீச்சர் வீடு வீடாகப் போய் உரப்பை கேட்டார். ஒன்றுகூட இல்லை. எல்லாம் வட்டைக்குப் போயிருந்தன. வரம்பு உடைந்தால் நெல் போகும், நெல் போனால் வருசம் போகும். அத்தானே வீட்டில் நெல் காயவைக்கிற படங்கையும் எடுத்துக்கொண்டு போயிருந்தார். வயலுக்கு முன்னால் முன்பள்ளி எந்த மூலைக்கு?

ரீச்சர் வெறும் கையோடு பள்ளிக்கு வந்து நின்றார். தண்ணீர் படியின் விளிம்பில் நின்றது. பிள்ளைகள் உள்ளே. தாய்மார் கூட்டிக்கொண்டு போகவா விடவா என்று குடையோடு வெளியே. இன்றைக்கு இந்த வாசலைப் பூட்டினால் பிறகு திறக்கிற வேலை இருக்காது என்று எல்லாருக்கும் தெரியும்.

அவர் மேலே பார்த்தார்.

“அண்ணன், அதை இறக்குங்க.”

“எதை?”

“குளிர்காலத்தை.”

கோயில் திருப்பணிக்கு மணல் கொட்டியிருந்தார்கள். கோயில் பொறுப்பாளரான வண்ணக்கரிடம் அக்கா ஓடினாள். “எடுங்க கா. ஆனா மழை விட்டதும் காயவச்சுத் திருப்பித் தரணும்,” என்றாராம். தாய்மார் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேலைக்கு இறங்கினார்கள். சிப்பை மேலே இழுத்து, கீழ்க்கயிற்றை இறுக்கி, கைகளை முன்னால் முடிச்சுப் போட்டு, கழுத்தால் மணலைக் கொட்டி, தொப்பியை இழுத்துக் கட்டினோம். ஒவ்வொன்றும் கையைக் கட்டிக்கொண்டு குந்தியிருக்கிற குண்டுப் பிள்ளை மாதிரி வந்தது. பெரியவர்களின் ஜக்கெட்டுகள் அடியில், சின்னவை மேலே. இரண்டு வாசலையும் அடைத்தோம். நல்ல துணி. இவ்வளவு பனியைத் தடுத்த துணிக்கு இந்தத் தண்ணீர் ஒரு பொருட்டா? தண்ணீர் வந்தது, மோதியது, நின்றது. இடுக்குகளால் கசிந்ததைப் பிள்ளைகள் ஐஸ்கிரீம் கோப்பைகளால் அள்ளி, எங்களிடம் தந்தார்கள். ரீச்சர் அதற்கும் ஒரு பாட்டுக் கட்டிவிட்டார். ஒரு பக்கத்துக் கம்பி வலையைக் கழற்றிவிட்டு, பிள்ளைகளை நாங்கள் சுவருக்கு மேலால் தூக்கி உள்ளே விட்டோம், மேலாலேயே வெளியே எடுத்தோம். அவர்களுக்கு அது பிடித்துவிட்டது. கதவு என்பதை மறந்தே போனார்கள்.

உத்தியோகத்தர் அம்மா வந்தபோது மழை சாத்திக்கொண்டிருந்தது. பூட்டைத் தேடி வந்தவர், உள்ளே பிள்ளைகளின் சத்தம் கேட்டு ஸ்கூட்டரிலேயே இருந்துவிட்டார். பிறகு இறங்கி வந்து வாசலைப் பார்த்தார்.

“இது என்ன?”

“குளிருக்குப் போடுற ஜக்கெட், மிஸ்,” என்றார் ரீச்சர்.

“ஆருக்கு?”

“பள்ளிக்கூடத்துக்கு.”

அவர் குடைக்குள் நின்றபடி வெகுநேரம் பார்த்தார். சிரிப்பை அடக்குகிறாரா, கோபத்தை அடக்குகிறாரா என்று தெரியவில்லை. பிறகு சுவருக்கு மேலால் எட்டிப் பிள்ளைகளைப் பார்த்தார். “திறந்திரிக்கு எண்டு எழுதுறன்,” என்றார். “எப்புடித் திறந்திரிக்கு எண்டு ஆரும் கேக்கிறல்ல.” அன்றைக்குத் தேத்தண்ணியும் குடித்தார். நான் கோப்பையைச் சுவருக்கு மேலால் நீட்டினேன்.

அந்த மாரி முழுக்கப் பள்ளி பூட்டவில்லை. இதை எழுதும்போதும் அது அங்கேதான் இருக்கிறது, தாம்போதிக்கு இந்தப் பக்கம். நிலம் மட்டும் இன்னும் உயரவில்லை. வீதி இன்னொரு முறை உயர்ந்திருக்கிறது.

அந்த மார்கழியில் தலைவர் போன் எடுத்தார். சங்கத்தின் வருடாந்தக் கூட்டம் வருகிறதாம். ஜக்கெட் போட்ட படம் இன்னும் வரவில்லையே என்று அங்கத்தவர்கள் கேட்கிறார்களாம். மழையில் போன் விட்டுவிட்டுக் கேட்டது. ரீச்சர் சரி என்றார். வெளியே போய், குடையைத் தோளில் இடுக்கிக்கொண்டு, முன்வாசலை ஒரு படம் எடுத்து அனுப்பினார். மழைத்திரைக்குள் தொப்பி போட்ட முதுகுகள் மங்கலாகத் தெரிந்தன. சிவப்பு, நீலம், மஞ்சள். தோளோடு தோள் ஒட்டி, வரிசையாக.

கொஞ்ச நேரத்தில் குரல் செய்தி வந்தது. ரீச்சர் அதை எங்கள் எல்லாருக்கும் கேட்கப் போட்டார்.

“தங்கச்சி, மனசு நிறைஞ்சிட்டு. என்ன ஒழுங்கா இரிக்குதுகள்! எங்கட புள்ளைகள் இஞ்ச ஒரு நிமிசம் இப்புடி இராதுகள்.”

உள்ளே ஒருவன் கோப்பைத் தண்ணீரை இன்னொருத்தியின் தலையில் ஊற்றிவிட்டான். அக்காவின் மகள் சுவரில் ஏறி நின்று இறங்கமாட்டேன் என்று கத்திக்கொண்டிருந்தாள். ரீச்சர் போனை வாய்க்குக் கிட்டப் பிடித்தார்.

“ஓம் ஐயா,” என்றார். “வந்த நாளில இருந்து ஒண்டும் அசையல்ல.”